இருண்ட சமையலறைக்கு வெளிச்சம்: எதை முதலில் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது

இரவு எட்டு மணிக்குச் சமையல் மேடைக்கு முன்னால் நில்லுங்கள். விளக்கு எரிகிறது, அறையில் வெளிச்சமும் இருக்கிறது. ஆனால் நறுக்கும் பலகைமேல் விழுந்து கிடப்பது உங்கள் தலையின் நிழல். கத்தி அந்த நிழலுக்குள்தான் இறங்குகிறது. பழைய சமையலறைகள் பலவற்றின் நோய் இதுதான்: கூரையின் நடுவில் ஒரு விளக்கு, சுவரோரம் மேடை, இரண்டுக்கும் நடுவில் நாம். விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் சமைக்கிறோம்.

இது புரியாமல் நேராகப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தவன் நான். மஞ்சள் விளக்கடியில் அட்டையைப் பிடித்துப் பார்த்து, கண்ணுக்கு இதமாக இருந்த ஒரு வெண்மஞ்சள் நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு கோட்டு அடித்து முடித்தாயிற்று. அடுத்த மாதம் விளக்கை மாற்றினேன். மறுநாள் சுவரைப் பார்த்தால் மஞ்சளைக் காணோம். காய்ச்சலில் படுத்தவர் முகம்போல ஒரு வெளிறிய பச்சை. மறுபடியும் அட்டை, மறுபடியும் டப்பா, மறுபடியும் இரண்டு கோட்டு.

ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசை முக்கியம். அழுக்கு, ஜன்னல், விளக்கு ஆகிய மூன்றையும் முடித்த பிறகே வண்ணம். கைப்பிடிகளும் அலங்காரமும் அதற்கும் பிறகு.

ஒரு நாள் சும்மா பாருங்கள்

நம் கண் மிகவும் சமாளிக்கும் உறுப்பு. மங்கலான அறைக்குள் ஐந்து நிமிடம் நின்றால் அதுவே போதும் என்று நினைக்கத் தொடங்கிவிடும். அதை நம்பாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளையும் அறையின் ஐந்தாறு இடங்களில் வைத்துப் பாருங்கள். அடுப்புப் பக்கம், சிங்க் அருகில், மேல் அலமாரிக்கு அடியில், மூலையில். தாள் எங்கே வெள்ளையாகவே இருக்கிறது, எங்கே சாம்பலாகிறது, எங்கே மஞ்சள் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாத வேலை.

அடுத்து, அறையின் வாசலில் நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போனதும் எது பெரிய கறுப்புக் கட்டியாக நிற்கிறது என்று பளிச்செனத் தெரியும். என் வீட்டுச் சமையலறையில் குற்றவாளி மேல் அலமாரிகள் என்றே நினைத்திருந்தேன். படத்தில் கறுத்து நின்றது வேறொன்று: ஜன்னலை ஒட்டி நின்ற உயரமான அலமாரியின் பக்கவாட்டுப் பலகை. வரும் பகல் வெளிச்சத்தில் பாதியை முதல் அடியிலேயே அது விழுங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு பலகைக்கு மட்டும் வெள்ளை அடித்ததில் கிடைத்த பலன், பிறகு செய்த பல பெரிய வேலைகளில் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ‘இருட்டு’ ஒரு புகார், ‘பழசாகத் தெரிகிறது’ வேறொரு புகார். சுருள் சுருளான பித்தளைக் கைப்பிடி, கதவில் வளைவு வளைவாகச் செதுக்கிய சட்டம், ஆரஞ்சாகிப்போன வார்னிஷ், பத்து டைலுக்கு ஒன்றாகப் பழக்கூடைப் படம், ஜன்னலுக்கு மேல் அலைவடிவில் வெட்டிய பலகை இவையெல்லாம் இரண்டாவது வகை. இவற்றை நீக்கினால் அறை இளமையாகும், வெளிச்சம் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தவறான இடத்தில் செலவு போகும்.

சிங்குக்கு அடியில் உள்ள அலமாரியின் தரைப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதும் இந்த நாளின் வேலைதான். பலகை உப்பி, பிட்டுப்போல உதிர்ந்தால் அந்தப் பெட்டிக்கு வண்ணம் பூசுவது வீண். பெட்டிகள் கெட்டியாக இருந்தால் அவற்றை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்துவிடலாம்.

பிசுக்கை எடுங்கள்

வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய துணிகள். முதலில் இவை போதும். என் சமையலறைச் சுவரில் ஒரு துடைப்பு துடைத்ததும் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. பத்து ஆண்டுகளாக அதை இளமஞ்சள் சுவர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

எண்ணெய் ஆவி மெல்லிய படலமாகப் படிந்து, அதில் தூசி ஒட்டி, நாளடைவில் கோந்துபோல இறுகுகிறது. பிடிவாதமான இடங்களுக்குச் சலவைச் சோடா கரைத்த வெந்நீர் நன்றாக வேலை செய்யும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அலுமினியத்தின்மேல் மட்டும் படவிடாதீர்கள், கறுத்துவிடும். மேடை பளிங்காகவோ சுண்ணாம்புக் கல்லாகவோ இருந்தால் எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பு எதுவும் கூடாது, மெருகை அரித்துவிடும். பிளீச்சிங் திரவத்தை அமிலத்தோடும் அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடும் ஒருபோதும் சேர்க்க வேண்டாம். கிளம்பும் வாயு நுரையீரலைத் தாக்கும்.

சுவரையும் கதவையும் எல்லோரும் துடைப்பார்கள். மறந்துபோகும் இடங்கள் மூன்று: விளக்கின் மூடி, ஜன்னல் கண்ணாடியின் வெளிப்புறம், அடுப்புக்கு நேர்மேலே உள்ள கூரை. விளக்கு மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பூச்சி மயானமே இருக்கும். அதைக் கழுவி மாட்டினாலே, புது பல்பு வாங்கியதுபோல இருக்கும்.

டைல்களுக்கு இடையிலான கோடுகளையும் இப்போதே பாருங்கள். டைல் பளிச்சென்று இருந்தாலும் அந்தக் கோடு கறுத்திருந்தால் சுவர் முழுவதும் அழுக்காகத் தெரியும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, காய்ந்தபின் கிரவுட் (டைல் இடுக்கை நிரப்பும் பூச்சு) வண்ணப் பேனாவால் கோட்டைப் புதுப்பிக்கலாம். பூச்சே உதிர்ந்திருந்தால் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். எப்பாக்ஸி வகை கிரவுட்டில் எண்ணெய் ஊறாது. ஆனால் பூசுகிறவர் கை பழகியவராக இருக்க வேண்டும். இறுகிய பிறகு டைலிலிருந்து எடுப்பது பெரும்பாடு.

ஜன்னலும் வாசலும்

பகல் வெளிச்சம் அறைக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதற்குக் கட்டடக் கலைஞர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம்வரைதான் பயனுள்ள வெளிச்சம் எட்டும். மேல்விளிம்பு 2.1 மீட்டர் என்றால், ஏறத்தாழ நாலேகால் முதல் ஐந்தேகால் மீட்டர். ஆக, ஜன்னலின் மேல்பகுதிதான் தங்கம். அங்கேதான் நாம் மடிப்புத் திரையையும் அலங்காரப் பலகையையும் தொங்கவிடுகிறோம்! அவற்றைக் கழற்றுங்கள். மறைவு வேண்டுமென்றால் கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு மட்டும் திரையோ மங்கல் தாளோ போதும்; மேல்பாதியில் வானம் தெரியட்டும்.

ஜன்னலைச் சுற்றியுள்ள சுவரின் தடிமன் பகுதி, அதாவது உட்பக்கக் கன்னங்கள், வெளிச்சத்தை முதலில் வாங்கி உள்ளே திருப்பிவிடும் இடம். அவற்றுக்கு நல்ல வெள்ளை அடியுங்கள். வெளியே கிளையோ கொடியோ மறைத்தால் வெட்டுங்கள்.

ஜன்னலை ஒட்டிய மேல் அலமாரி ஒன்றைத் தியாகம் செய்ய மனம் வருமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பொருள்களைக் குறைத்து அந்த ஒரு பெட்டியைக் கழற்றிவிட்டால், அறையின் அகலமே கூடியதுபோல இருக்கும். அந்த இடத்தில் திறந்த தட்டுகள் அடிப்பது இப்போதைய வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. படம் எடுக்க அழகாக இருக்கும். அடுப்புக்கு அருகில் என்றால் இரண்டே வாரத்தில் ஒவ்வொரு கிண்ணத்தின்மேலும் பிசுபிசுப்பு. தினமும் எடுத்துக் கழுவும் பாத்திரங்களுக்கு மட்டும் ஒரே ஒரு தட்டு போதும். வேண்டுமானால் இரண்டு கதவுகளின் பலகையை எடுத்துவிட்டு வரிவரியான கண்ணாடி பொருத்தலாம். வெளிச்சம் உள்ளே போகும், உள்ளே இருக்கும் களேபரம் வெளியே தெரியாது.

பக்கத்து அறையில் வெளிச்சம் அதிகமென்றால் இடைக்கதவில் கண்ணாடி போட்டுக் கடன் வாங்கலாம். சுவரை இடிக்கும் எண்ணம் வந்தால் மட்டும், அது பளுதாங்கும் சுவரா என்று பொறியாளரிடம் கேட்காமல் சுத்தியலைத் தூக்காதீர்கள்.

விளக்கு: பாதி வேலை இங்கேதான்

1926-ல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். இன்றைய கட்டமைப்புச் சமையலறைகளுக்கெல்லாம் (மாடுலர் கிச்சன்) அதுதான் மூத்தது. ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்; சின்னஞ்சிறு அறை. அதில் அவர் வேலை மேசையை ஜன்னலுக்கு நேர்கீழே வைத்தார். கூரை விளக்கை ஒரு தண்டவாளத்தில் மாட்டி, வேண்டிய இடத்துக்கு நகர்த்தும்படி செய்தார். வேலை நடக்கும் இடத்துக்கு வெளிச்சம் போக வேண்டும் என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த சங்கதி. இடையில் எப்படியோ மறந்துவிட்டோம்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். விளக்கு உமிழும் ஒளிக்கு அளவு லூமென். ஒரு பரப்பில் விழும் ஒளிக்கு அளவு லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். சமையலறையின் பொது வெளிச்சத்துக்கு 300 லக்ஸ், நறுக்கும் இடத்துக்கு 500 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால் குறை இருக்காது. பத்துச் சதுர மீட்டர் அறைக்கு 300 லக்ஸ் வேண்டுமென்றால் 3,000 லூமென். சுவரும் மூடியும் தின்பதுபோக மிஞ்ச வேண்டுமானால் 4,500 அளவுக்கு வாங்க வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது சுமார் 800 லூமென்தான். எவ்வளவு இருட்டில் காலம் தள்ளியிருக்கிறோம் என்று பாருங்கள்.

அந்த 4,500-ஐ ஒரே விளக்கில் திணிக்காதீர்கள். கண் கூசும், நிழல் இன்னும் கறுப்பாகும். கூரையில் நாலைந்து சிறு விளக்குகளாகப் பிரியுங்கள். அவற்றை அறையின் நடுவில் அல்லாமல், மேடையின் முன்விளிம்புக்கு நேர்மேலே வருமாறு வையுங்கள். அப்போது வெளிச்சம் உங்களுக்கு முன்னால் இறங்கும், முதுகில் விழாது. கூரையைத் துளைக்க முடியாவிட்டால், தண்டவாளத்தில் நகரும் விளக்குகளை இருக்கிற ஒரே மின்புள்ளியிலிருந்தே ஓட்டலாம்.

அடுத்தது மேல் அலமாரிக்கு அடியில் எல்.இ.டி. பட்டை. இந்தக் கட்டுரையில் சொல்வதில் ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மேடைமீது நேராக, நம் நிழலுக்குக் கீழே புகுந்து விழும் வெளிச்சம் இது ஒன்றுதான். மீட்டருக்கு 5 முதல் 8 வாட் பட்டை போதும். ஒட்ட வேண்டிய இடம் அலமாரியின் முன்விளிம்பு, சுவரோரம் அல்ல. சுவரோரம் ஒட்டினால் டைல் மட்டும் ஜொலிக்கும், பலகை இருட்டாகவே இருக்கும். பட்டையை வெறுமனே ஒட்டாமல் பால்நிற மூடியுள்ள அலுமினியச் சட்டத்துக்குள் வையுங்கள். சூடு இறங்கும், ஆயுள் கூடும், துடைப்பதும் எளிது. மேடை பளபளக்கும் கருங்கல் என்றால் இந்த மூடி இல்லாமல் முடியாது. இல்லாவிட்டால் கல்லுக்குள் நூறு புள்ளிகள் எறும்பு வரிசைபோல மின்னிக்கொண்டிருக்கும். கண் ஓயாமல் அங்கேயே போகும்.

பட்டைக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டியைச் சற்றுத் தாராளமாக வாங்குங்கள். 2.5 மீட்டருக்கு, மீட்டருக்கு 8 வாட் என்றால் மொத்தம் 20 வாட். பெட்டி 25 வாட்டாவது இருக்கட்டும். விளிம்பில் ஓடிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் சூடாகிச் சாகும். கைக்கு எட்டும் இடத்தில், மாட்டிய பிறகு திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அறை இது. புதிய இணைப்புகளை எலெக்ட்ரீஷியன் கொடுப்பதே நல்லது.

வெளிச்சத்தின் நிறம் பெட்டியில் கெல்வின் என்று எழுதியிருக்கும். 2700 மஞ்சள், 4000 நடுநிலை வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. ‘வெளிச்சம் வேண்டும்’ என்று சொன்னால் பலரும் 6500-ஐ எடுத்துக் கையில் கொடுப்பார்கள். வேண்டாம். அந்த விளக்கில் சமையலறை, மருந்து கட்டும் அறைபோல ஆகிவிடும். மரமும் தோலும் சவக்களையாகத் தெரியும். 3000-க்கும் 4000-க்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அறை முழுவதும் அதையே போடுங்கள். கூரையில் ஒரு நிறம், அலமாரிக்கு அடியில் வேறு நிறம் என்றால் எந்தப் பரப்பும் சுத்தமாகத் தெரியாது. பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண்ணும் இருக்கும். பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது, உச்சம் 100. 90-க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். குறைந்தால் முதலில் அடிபடுவது சிவப்பு. பழுத்ததா, பழையதா என்று தெரியாது.

இப்போது வண்ணம்

புதிய விளக்குகள் எரியட்டும். இனி அட்டையை எடுக்கலாம்.

நல்ல பெயிண்ட் அட்டைகளில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பது அதன் பொருள். முழுக்கறுப்பு 0, முழுவெள்ளை 100. சாதாரண வெள்ளைகள் 80-ஐத் தாண்டும். இருண்ட மரநிறங்கள் பத்தை ஒட்டியே நிற்கும். ஒளி ஒரு சுவரில் பட்டு இன்னொன்றில் பட்டுத்தான் நம்மிடம் வருகிறது. 80 உள்ள இரண்டு பரப்புகளில் பட்டால் 64 விழுக்காடு மிஞ்சும்; 10 உள்ள இரண்டில் பட்டால் ஒரே ஒரு விழுக்காடு. இருண்ட அலமாரி ஏன் அறையையே குடித்துவிடுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அதற்காக எல்லாவற்றையும் வெள்ளையாக்கினால் கண்ணுக்குப் பிடிமானம் இல்லாமல் போகும். மேலே வெளிர், கீழே அழுத்தம் என்பது தோல்வியடையாத வழி: கூரை, சுவர், மேல் அலமாரி வெளிராகவும், கீழ் அலமாரிகள் அடர்பச்சை, கருநீலம், மரநிறம் என எதுவாகவும் இருக்கலாம். அறை வெளிச்சமாகத் தெரிவதில் கண்மட்டத்திலும் அதற்கு மேலும் உள்ள பரப்புகளுக்கே பங்கு அதிகம்.

வெள்ளையிலும் சாதிகள் உண்டு. ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நீலம், ஒன்றில் சாம்பல் ஒளிந்திருக்கும். தனியாகப் பார்த்தால் தெரியாது. தூய வெள்ளைத் தாளை அருகில் வைத்தால் உடனே காட்டிக்கொடுக்கும். நேராகச் சுவரில் அடித்துப் பார்க்காதீர்கள், பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். செய்தித்தாள் அகலத்துக்கு ஓர் அட்டையில் இரண்டு கோட்டு அடித்து, காயவிட்டு, அதை அடுப்புப் பக்கமும் ஜன்னல் பக்கமும் நகர்த்தி இரண்டு நாள் பாருங்கள். என் பச்சைச் சுவருக்கு இந்த ஓர் அட்டை போதுமாயிருந்திருக்கும்.

பளபளப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கூரைக்கு மங்கல், சுவருக்குத் துடைக்கக்கூடிய மெல்லிய பளபளப்பு, அலமாரிக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். கண்ணாடிபோல மின்னும் பூச்சு வெளிச்சத்தைக் கூட்டும் என்பார்கள். சுவரின் மேடுபள்ளங்களையும் அதே உற்சாகத்தோடு கூட்டிக் காட்டும்.

அலமாரிக் கதவுகள்: பொறுமை இருந்தால் மட்டும்

எது மேல்பரப்பு என்பதை முதலில் அறிய வேண்டும். மரம், ஒட்டுப்பலகை, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை என்றால் கவலை இல்லை. வழவழப்பான தகடு ஒட்டிய லேமினேட் என்றால் அதற்கென்றே பிடிப்புத்தரும் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, வேண்டும். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் படலம் உரியத் தொடங்கியிருந்தால் அதன்மேல் எதை அடித்தாலும் நிற்காது, கதவையே மாற்றுங்கள். பெட்டி அப்படியே இருக்க, கதவை மட்டும் மாற்றுவது ஒன்றும் தோல்வி அல்ல. இப்போதைய மறைகீல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கதவில் 35 மில்லிமீட்டர் வட்டக்குழி வேண்டும். குழியின் இடத்தைப் பழைய கதவிலிருந்தே அளந்து கொடுத்தால் தச்சர் செய்துவிடுவார்.

வண்ணம்தான் என்று முடிவானால் கதவுகளைக் கழற்றுங்கள். தொங்கவிட்டபடியே அடிக்கலாம் என்று தோன்றும். கீல் விளிம்பில் எல்லாம் திட்டுத்திட்டாக வழிந்து நிற்கும்போது வருந்துவீர்கள். ஒவ்வொரு கதவுக்கும் எண் கொடுத்து, கீல் குழிக்குள் ஒட்டுப்பட்டையில் எழுதுங்கள். ஏன் குழிக்குள் என்றால், அங்கேதான் தூரிகை படாது. நான் பின்பக்கம் பென்சிலால் எழுதி, அதன்மேலேயே பிரைமர் அடித்துவிட்டு, பதினாறு கதவுகளை ஒரு மாலை முழுவதும் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தேன். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் எதுவும் மூடாது.

பிறகு பிசுக்கு நீக்கம். உப்புத்தாள் போடுவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். வரிசை மாறினால் எண்ணெயை மரத்துக்குள் தேய்த்து இறக்குகிறீர்கள் என்று அர்த்தம். நன்றாகக் காய்ந்தபின் 150 எண் உப்புத்தாள், அதன்பின் 220. மரத்தைச் சுரண்டி எடுப்பது நோக்கமல்ல, பளபளப்பு போனால் போதும். மேலே மெல்லிய மரத்தோல் ஒட்டிய பலகையில் கை அழுத்தினால் அடிப்பலகை தெரிந்துவிடும். வீடு மிகப் பழையதென்றால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் அறவே கூடாது.

தூளைத் துடைத்துவிட்டுப் பிரைமர். ஓக், மகோகனி போன்ற மரங்களில் டானின் என்ற சாயச்சத்து உண்டு. நீர்சார்ந்த வெள்ளையைப் பூசினால் சில நாளில் தேநீர்க் கறைபோல மேலே ஊறிவரும். அவற்றுக்கு அரக்கு சார்ந்த கறைதடுப்புப் பிரைமர்தான் சரி. முழுவதும் அடிப்பதற்கு முன் ஒரு கதவின் பின்புறம் உள்ளங்கை அளவு பிரைமரும் பெயிண்டும் அடித்து நாலைந்து நாள் விடுங்கள். பிறகு பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லக் கீறி, ஒட்டுப்பட்டையை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். பட்டையில் பெயிண்ட் சதுரங்கள் வந்தால் பிடிப்பு இல்லை. ஒரு கதவோடு தப்பித்தீர்கள்.

பெயிண்டுக்கு நீர்சார்ந்த எனாமலைத்தான் பரிந்துரைப்பேன். எண்ணெய் சார்ந்த வெள்ளை கெட்டியானதுதான், ஆனால் நாளாக ஆக மஞ்சளாகும். இருட்டான இடத்தில் இன்னும் வேகமாக மஞ்சளாகும் என்பது அதன் விசித்திரம். இருண்ட சமையலறைக்கு அதைப் பூசுவதைவிட வேடிக்கை வேறில்லை. சட்டத்தின் மூலைகளுக்குத் தூரிகை, தட்டையான பரப்புக்கு நான்கு அங்குல நுண்ணிழை ரோலர். தடிமனாக ஒன்று அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு, தேவைப்பட்டால் மூன்று. கோட்டுகளுக்கு இடையே 220 அல்லது அதைவிட மென்மையான தாளால் ஒரு தடவல்.

கைப்பிடிகள்

சீக்கிரம் முடியும் வேலை. திருகுகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்துகொள்ளுங்கள். 96, 128, 160 மில்லிமீட்டர் அளவுகள் சாதாரணமாகக் கிடைக்கும். அதே அளவில் வாங்கினால் திருகுவது மட்டுமே வேலை. அளவு மாறினால் பழைய துளைகளை மரத்துக்கான புட்டியால் அடைப்பது வண்ணம் பூசுவதற்கு முன்பே நடக்க வேண்டும். புதிய துளைக்குத் தடித்த அட்டையில் ஒரு வார்ப்பு வெட்டி வைத்துக்கொண்டால் எல்லாக் கதவிலும் ஒரே இடத்தில் விழும். கைப்பிடி, குழாய், விளக்குச் சட்டம் மூன்றும் ஒரே உலோக நிறமாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மூன்று வெவ்வேறு நிறம் என்றால்தான் இடிக்கும்.

பின்சுவரும் மேடையும்

கருங்கல் மேடையைப் பெயர்க்க வேண்டும் என்று துடிப்பவர்களுக்கு: கொஞ்சம் பொறுங்கள். பின்சுவர் வெளிராகி, அலமாரிக்கு அடியில் விளக்கு வந்தபிறகு ஒரு மாதம் பாருங்கள். கறுப்பு மேடை அப்போது குறையாகத் தெரியாது; அறைக்கு ஓர் அடிக்கோடு போட்டதுபோல நிற்கும். கல்லின்மேல் ஊற்றிப் பூசும் எப்பாக்ஸி கலவைகள் வெள்ளைப் பளிங்காக மாற்றித்தருவதாகச் சொல்லும். சூடான பாத்திரத்தை அவற்றில் பெரும்பாலானவை தாங்கா. கல்லைக் கெடுத்துப் பிளாஸ்டிக் வாங்குவானேன்?

பின்சுவருக்கு மூன்று வழி. இருக்கிற டைலுக்கு அதற்குரிய இருகலவைப் பெயிண்ட் பூசலாம். சிங்கைச் சுற்றி உரசல் படும் இடத்தில் அது நெடுங்காலம் நிற்காது. டைல்மேல் டைல் ஒட்டலாம். சுவர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முன்னால் வரும், மின்சொருகிகளின் பெட்டிகளையும் அந்த அளவுக்கு வெளியே எடுக்க வேண்டும். மூன்றாவது, பின்புறம் வண்ணம் பூசிய கடினப்படுத்திய கண்ணாடி. இடுக்கே இல்லை, ஒரே துடைப்பில் சுத்தம், வெளிச்சத்தையும் அள்ளித் தெளிக்கும். இதில் இரண்டு பொறிகள். சாதாரணக் கண்ணாடியில் இரும்புச்சத்து இருப்பதால் வெள்ளை பச்சையாகத் தெரியும். இரும்பு குறைந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். கடினப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது, தூள்தூளாகிவிடும். சொருகித் துளைகளின் அளவை ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்த்துக் கொடுங்கள். ஒட்டும் தாள்கள் அடுப்புக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம்.

தரையைக் கடைசியில் விடுங்கள். வெளிச்சத்துக்கு அதன் பங்கு சுவரையும் கூரையையும்விடக் குறைவு. பல பத்தாண்டுப் பழைய வினைல் டைல்களிலும் அவற்றின் கறுப்புப் பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு. அவற்றை உடைக்காமல், தேய்க்காமல், அப்படியே மேலே புதிய தரையைப் போட்டு மூடுவது பாதுகாப்பு.

கதவை மாட்டும் நாள்

பெயிண்ட் காய்வது வேறு, இறுகுவது வேறு. தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். நகம் பதியாத நிலைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் மாட்டித்தான் ஆக வேண்டும், சமைக்காமல் இருக்க முடியாதே. ஆகவே கதவு வந்து மோதும் மூலைகளில் சிறிய ரப்பர்ப் பொட்டுகளை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் இரவில் மூடிய கதவு காலையில் பெயிண்டையும் உரித்துக்கொண்டு திறக்கும். இறுகும்வரை சோப்புத்துணி படக்கூடாது. தெறித்ததை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

மிஞ்சிய பெயிண்டை ஒரு சிறிய கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை ஊற்றி இறுக மூடி, நிறத்தின் பெயர், எண், அடித்த தேதி மூன்றையும் மேலே ஒட்டி, சிங்குக்கு எதிர்ப்பக்கம் உள்ள அலமாரியின் பின்வரிசையில் வையுங்கள். முதல் கீறல் முதல் மாதமே விழுந்துவிடும். பெரும்பாலும் குப்பைக்கூடை வைத்திருக்கும் கதவில்.